கையெழுத்து கேட்கும் முன் வரைபடத்தைக் காட்டுங்கள்: எங்கள் கிராமப் பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும், பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரி அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கீழ்த்தெருவிலிருந்து ஏரிக்கு முன்னால் உள்ள பழைய கால்வாய் வரை போகவேண்டிய வடிகாலுக்காக, வழியில் நிலமும் சைட்டும் (வீட்டு மனையும்) வைத்திருப்பவர்களிடம் சென்ற வாரம் தங்கள் ஊழியர்கள் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து கேட்டார்கள். அரைப் பக்கம் தட்டச்சு செய்த தாள். வடிகால் அமைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சர்வே நம்பருக்கு விட்ட இடம் காலியாக இருந்தது. எத்தனை அடி அகலம், எந்த எல்லை ஓரம், எவ்வளவு ஆழம் என்பவற்றுக்கு இடமே விடப்படவில்லை. மார்ச் 31-க்குள் கையெழுத்து வராவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்றும், அப்படிப் போனால் கீழ்த்தெரு நனைவதற்குக் கையெழுத்துப் போடாதவர்களே பொறுப்பு என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

இதன் கன்னட வடிவத்தைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்து ரசீது பெற்றிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து, கர்நாடகத்தில் ஓசூர் சாலையை ஒட்டிய இந்தக் கிராமத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு சைட் வாங்கியவர்கள் எங்கள் தெருக்களில் நிறையப் பேர். கன்னடம் எங்களுக்குத் தடையின்றிப் பேச வரும். பத்திர மொழியில் எழுதிய கன்னடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளப் பலரால் முடியாது. அவர்கள் எதில் கையெழுத்திடுகிறார்கள் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிலம் கொடுக்க வேண்டியவர்களில் கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீட்டப்பட்டதும் இதே காலித் தாள்தான். ஆகவே இதை யாரும் மொழிப் பிரச்சினையாக மாற்ற வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

வடிகாலின் கதை தங்களுக்குத் தெரியாதது அல்ல. மேலிருந்து ஒரு பகுதியும் ஏரிப் பக்கமிருந்து ஒரு பகுதியும் காங்கிரீட் போட்டாயிற்று. நடுவில் 120 அடி மட்டும் நிற்கிறது. அந்த இடத்தின் அன்றைய உரிமையாளர், "ஊருக்குத்தானே, போட்டுக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னதை நம்பி இரண்டு பக்கமும் வேலையைத் தொடங்கினீர்கள். பிறகு அவர் நிலத்தைச் சைட் பிரித்து விற்றார். வாங்கியவருக்கு அந்த வாக்குறுதி தெரியாது. தெரிய வழியும் இல்லை, ஏனென்றால் வில்லங்கச் சான்றில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் தன் எல்லையில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினார். வடிகால் அந்தச் சுவரில் போய் முட்டி நிற்கிறது.

முட்டி நிற்கும் இடத்துக்கு இப்புறம் உள்ள முதல் வீட்டில் ஒரு வயதான தம்பதி குடியிருக்கிறார்கள். காலையில் குழாயில் தண்ணீர் விட்டதும் மேலே உள்ள வீடுகளில் துவைப்பதும் கழுவுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அந்தத் தண்ணீர் அத்தனையும் இரண்டடி ஆழ வாய்க்காலில் இறங்கி வந்து, போக வழியில்லாமல் நிரம்பி, சோப்பு நுரையும் சோற்றுப் பருக்கையுமாக அவர்கள் வாசலில் ஏறுகிறது. இதற்கு மழை வரவேண்டியதில்லை. சித்திரை வெயிலிலும் அந்த வாசல் ஈரமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அந்த அம்மாள் நிலைப்படிக்குக் குறுக்கே செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டியிருக்கிறார். அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. வாக்கரைப் பிடித்து நடப்பவர். தண்ணீரை நிறுத்தும் அந்தத் தடுப்பு அவரையும் நிறுத்திவிட்டது. முன்பு மாலையில் தெருமுனை டீக்கடை வரை மெல்ல நடந்துபோய், இரண்டு பேரோடு பேசிவிட்டுத் திரும்புவார். இப்போது அவர் வெளியே வரவேண்டுமானால், ஒருவர் அக்குளில் கை கொடுத்து மறுபக்கம் இறக்க, இன்னொருவர் வாக்கரைத் தூக்கித் தரவேண்டும். அந்த இரண்டு பேர் பகலில் வேலைக்குப் போயிருப்பார்கள். தடுப்பை இடித்துவிடலாமே என்று சொன்னவர்களுக்கு அந்த அம்மாள் வீட்டுக்குள் கூட்டிப்போய், கட்டில் காலில் நீர் ஏறிய கறையைக் காட்டுகிறார். வேலையின் பெயரும் தொகையும் எழுதிய பலகை அந்த வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் நிற்கிறது. அந்தத் தம்பதியும் வீட்டு வரி கட்டுகிறார்கள். வார்டு உறுப்பினருக்கு அந்த வீடு தெரியும்.

கீழ்த்தெருவின் துன்பம் எனக்கும் தெரியும், நிலம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும் என்பதற்காகவே இதை விரிவாகச் சொன்னேன். எங்களுக்கு இரக்கம் இல்லாததால் கையெழுத்து வரவில்லை என்ற பேச்சு உண்மையல்ல. ஒரு முறை வாய்ச்சொல்லை நம்பி வேலை கெட்டுப்போன இடத்தில், இரண்டாம் முறையும் வாய்ச்சொல்லுக்குச் சற்றும் மேம்படாத ஒரு தாளை வைத்து வேலையைத் தொடங்கப் பார்க்கிறீர்கள். அதைத்தான் மறுக்கிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: சர்வேயர் அளந்து, வரைபடம் போட்டு, வடிகால் போகும் பாத்தியத்தை முறையான ஈஸ்மென்ட் பத்திரமாக (அடுத்தவர் நிலத்தை ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தும் உரிமைப் பத்திரமாக) எழுதி, சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு தோண்டுங்கள்.

இந்தக் கோரிக்கைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் சட்டம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக வைக்கிறது. ஒன்று, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கைமாறும் பாத்தியம். மற்றொன்று, ஒருவர் இன்னொருவருக்குத் தரும் வெறும் அனுமதி. இந்த அனுமதி எது என்பதை 52-ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதி தந்தவர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவர் வாங்கினார் என்பதாலேயே அந்த அனுமதிக்குக் கட்டுப்பட்டவர் ஆகமாட்டார் என்று 59-ஆம் பிரிவு நேராகவே கூறுகிறது. நம் ஊரில் நடந்தது இதுதான். "ஆட்சேபணை இல்லை" என்ற தாள் எத்தனை சேர்ந்தாலும் அவை அனுமதிகளே. எங்களில் ஒருவர் நாளைக்குத் தம் சைட்டை விற்றால், வாங்குபவர் இன்னொரு சுவர் எழுப்பலாம். அன்றைக்கு வேறொரு வீட்டு வாசலில் செங்கல் அடுக்கவேண்டி வரும். மாறாக, அசையாச் சொத்தில் 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள உரிமையை உண்டாக்கும் ஆவணத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறபடி செய்துவிட்டால், அது வில்லங்கச் சான்றில் ஏறும், வாங்குபவர் கண்ணில் படும், அவரையும் கட்டும். பஞ்சாயத்தின் பணத்தைக் காப்பாற்றுவதும் அந்தப் பதிவுதான். நாங்கள் எங்கள் நன்மைக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் நன்மையும் இதில் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. வாழ்நாள் உழைப்பை 30-க்கு 40 அடி சைட்டில் போட்டவனுக்கு மூன்றடி என்பது பெரிய விஷயம். மூன்றடி என்று வாயால் சொல்லிவிட்டு ஜேசிபி வந்து பத்தடி தோண்டினால் யாரிடம் போய்ச் சொல்வது? இன்று கழிவுநீர் வாய்க்கால், நாளை அதே வழியில் பாதாளச் சாக்கடைக் குழாய், மறுநாள் கேபிள் என்று வந்தால் எந்தத் தாளைக் காட்டி மறுப்பது? ஆகவே பத்திரத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதை நாங்கள் தெளிவாகவே கேட்கிறோம். நிலத்தின் உரிமை எங்களிடமே இருக்கும். வடிகால் போகும் பாத்தியம் மட்டும் பஞ்சாயத்துக்கு. நிரந்தர அகலம் இவ்வளவு, வேலை நடக்கும்போது மட்டும் தற்காலிகமாகத் தேவைப்படும் அகலம் இவ்வளவு என்று இரண்டையும் பிரித்து எழுதவேண்டும். வாய்க்காலின் மேல் மூடி வரவேண்டும். சேறு அள்ளுவது யார், அள்ளிய சேற்றை அன்றே எடுத்துப்போவது யார் என்று எழுதவேண்டும். எங்கள் ஊரில் அள்ளிய சேறு வாய்க்கால் ஓரத்திலேயே காய்ந்து அடுத்த மழையில் உள்ளேயே விழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பழுது பார்க்க உள்ளே வரும் உரிமை சட்டப்படி உண்டு. ஆனால் அதே சட்டம் 24-ஆம் பிரிவுக்குத் தரும் உதாரணத்தில், குழாயைச் சரிசெய்யத் தோண்டுகிறவர் தரையைப் பழையபடி மூடித் தரவேண்டும் என்கிறது. உடைக்கிற சுவரும் பிடுங்குகிற வேலியும் அப்படியே. முத்திரைத்தாள் செலவும் பதிவுச் செலவும் நிலம் தருகிறவன் தலையில் விழக்கூடாது. இழப்பீடு பற்றியும் வாய் திறந்து பேசவேண்டும். பெட்ரோலியக் குழாய் பதிக்க நிலத்தில் பயன்பாட்டு உரிமை எடுக்கும் 1962-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், நிலத்தை உரிமையாளரிடமே விட்டுவிட்டு, சந்தை மதிப்பில் 10 சதவீதம் தரச் சொல்கிறது. அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது என்பது தெரியும். நிலத்தைப் பறிக்காமல் உரிமை மட்டும் எடுத்தாலும் விலை உண்டு என்று நாட்டின் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். சிலர் பணம் வேண்டாம் என்பார்கள், சிலர் கேட்பார்கள். கேட்பவரை ஊர்த் துரோகி போலப் பேசவேண்டாம்.

இன்னொரு பயமும் இருக்கிறது. அதைத் தாங்கள் சிறிதாக நினைக்கவேண்டாம். பெங்களூரில் கால்வாய் ஓரம் வீடு கட்டியவர்கள் பட்ட பாட்டை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர், கால்வாய்களுக்கு வகைக்குத் தக்கபடி 50, 35, 25 மீட்டர் இடம் விடவேண்டும் என்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகளை ரத்து செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று கட்டட வேலை செய்யும் எங்களுக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், எமலூர், சர்ஜாபூர் சாலைப் பக்கமெல்லாம் மூழ்கி, படகிலும் டிராக்டரிலும் ஆட்களை ஏற்றி வெளியே கொண்டுவந்த பிறகு, ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடிக்க இயந்திரங்கள் வந்தன. கையில் அனுமதித் தாளும் வரி ரசீதும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர்களைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அனுமதி கொடுத்தபோது கால்வாய் தெரியவில்லை, இடிக்கும்போது தெரிந்தது. தாள் கொடுத்த அதிகாரி மாறிப் போயிருப்பார். தாள் வாங்கியவன் அங்கேயே இருந்தான். ஆகவே இன்று என் சைட்டின் ஓரமாக நீங்கள் போடும் வீட்டுக் கழிவுநீர் வாய்க்கால், நாளைக்கு வேறு ஒரு வரைபடத்தில் இயற்கையான கால்வாயாக ஏறி, என் பிள்ளை மாடி கட்ட அனுமதி கேட்கும்போது குறுக்கே நிற்குமோ என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இது மனிதர் அமைத்த வடிகால், இன்ன ஆழம், இன்ன பயன் என்று பத்திரத்தில் எழுதுவதற்கு ஒரு வரி போதும்.

உண்மையான இயற்கைக் கால்வாய் ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பஞ்சாயத்து பேசாமல் இருப்பது எங்களுக்கு வருத்தம் தருகிறது. கிராம வரைபடத்தைப் பார்த்தால், மேட்டில் இருந்த கேழ்வரகு வயலுக்கும் தைல மரத் தோப்புக்கும் நடுவே ஓர் ஓடை ஏரிக்கு இறங்குவது தெரியும். பொதுப் பயனுக்கு ஒதுக்கிய அப்படிப்பட்ட இடம் 'பி' கராப் என்று பகணியில் (நிலப் பதிவேட்டில்) பதிவாகியிருக்கும். அது எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமல்ல, அதில் வடிகால் போட யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. அரசின் திஷாங்க் செயலியைத் திறந்தால் சர்வே நம்பர்களை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். மேட்டில் லேஅவுட் (மனைப் பிரிவு) வந்த பிறகு அந்த ஓடை எங்கே போயிற்று? முதலில் அதை அளந்து மீட்டுவிட்டு, பிறகு குறையும் இடத்துக்கு எங்களிடம் வாருங்கள். சிறிய சைட்காரனிடம் ஊழியரை அனுப்பிக் கையெழுத்து கேட்பது எளிது. பெரிய லேஅவுட்டின் வாசலில் சர்வேயரை நிறுத்துவது எளிதல்ல. எளிதான வேலையை மட்டும் செய்துவிட்டுப் பழியை எங்கள் மேல் போடுவதை நாங்கள் ஏற்கமுடியாது.

மேட்டு நிலத்தில் பெய்யும் மழை தன் போக்கில் கீழே இறங்குவதைக் கீழ் நிலத்துக்காரர் தடுக்கக்கூடாது என்பதும் அதே ஈஸ்மென்ட் சட்டத்தில் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஓர் ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 2 லட்சம் லிட்டர். வயலாக இருந்தவரை அதில் பெரும்பகுதியை மண் குடித்தது. இன்று காங்கிரீட் சாலையும் கூரையும் அதை அப்படியே எங்கள் மேல் கொட்டுகின்றன. அதோடு வீட்டுத் தண்ணீர் சேர்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது வீடுதோறும் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியே வரும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். அறுபது வீட்டுக்கு 13,000 லிட்டருக்கு மேல். குழாய் கொண்டுவந்தபோதே இந்தத் தண்ணீர் வெளியே போக வழி யோசித்திருக்கவேண்டும். இப்போதாவது வாய்க்காலின் அகலத்தை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள். எத்தனை கையெழுத்து கிடைத்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கையெழுத்து வராவிட்டால் சாலை ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோவோம் என்று ஒரு பேச்சு காதில் விழுந்தது. சாலை அந்த இடத்தில் மேடு. தண்ணீரை மேட்டில் ஏற்ற முடியாது. ஆழமாகத் தோண்டி இரண்டு இடத்தில் மடக்கினால், சரிவு குறைந்து வேகம் குறைந்து ஒவ்வொரு மடக்கிலும் சேறு தங்கும். நேர்வழி நல்லது, அதில் எங்களுக்கும் மறுப்பில்லை. மேலும், வாய்க்காலைக் கொண்டுபோய் நேரே ஏரியில் விடாதீர்கள். எங்கள் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கே மதகில் நுரை மலை போல நிற்பதைப் பல முறை செய்திகளில் பார்த்திருக்கிறோம். கீழே அந்தத் தண்ணீரைப் பாய்ச்சும் விவசாயிகள் எங்கள் உறவுக்காரர்கள். ஏரிக்கு முன்னால் வடிகட்டும் தொட்டிக்கு இடம் விட்டு வரைபடம் போடுங்கள்.

நின்றுபோன 120 அடிக்கு நான்கடி அகலம் என்று வைத்தாலும் 480 சதுர அடி. அரைக் குண்டேவுக்கும் (ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு ஒரு குண்டே) குறைவு. இவ்வளவு சிறிய இடத்துக்காக ஒரு தெரு நனைவதை நாங்கள் யாரும் விரும்பவில்லை. அந்த வரிசையில் என் சைட்டும் இருக்கிறது. கிழக்கு எல்லை ஓரமாக மூன்றடி அகலத்தில் பாத்தியம் தர நான் சம்மதிக்கிறேன். எனக்கு இழப்பீடு வேண்டாம், முழு வரைபடமும் பதிவு செய்த பத்திரமும் வேண்டும். என் பக்கத்துச் சைட்காரர்கள் இருவரும் இதே நிபந்தனையில் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். சுவர் கட்டியவரிடம் இன்றுவரை பஞ்சாயத்திலிருந்து யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பது அவரே சொன்னது. அவரைக் குற்றவாளியாக்காமல் அழைத்துப் பேசினால் அவரும் வருவார் என்றே நம்புகிறேன்.

தாங்கள் செய்யவேண்டியது பெரிதல்ல. தாலுகா சர்வேயரை அழைத்து ஓடையையும் எல்லைகளையும் அளக்கச் சொல்லுங்கள். வரைபடத்தைப் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு சிறப்புக் கிராம சபை கூட்டி, பத்திர வாசகத்தைக் கன்னடத்தில் படித்து, தமிழிலும் தெலுங்கிலும் விளக்கச் சொல்லுங்கள். தமிழில் விளக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். ஆண்டுக் கடைசியில் பணம் திரும்பிப் போகும் என்ற அவசரம் உண்மையானால், மேலிடத்துக்குக் காலநீட்டிப்பு கேட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் எங்கள் கையெழுத்தும் வேண்டுமானால் அதை இன்றே போடுகிறோம். அதுவரை, முட்டி நிற்கும் இடத்தில் தேங்கும் தண்ணீரை நாள்தோறும் டேங்கர் வைத்து உறிஞ்சி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வாக்கர் பிடித்து நடக்கும் அந்தப் பெரியவரால் மார்ச் வரை, மழை வரை என்று காத்திருக்க முடியாது.

அளந்து, வரைந்து, எழுதி, பதிவு செய்து, பிறகு தோண்டுங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதிவுக்கு நாள் குறித்தால் ஆதாரோடும் பத்திரத்தோடும் நாங்கள் மூவரும் முதல் ஆளாக வருகிறோம்.

இப்படிக்கு,
வடிகால் வழியில் சைட் வைத்திருக்கும் கிராமவாசி